கண்ணுக்கு மறைந்தவர் காதுக்கும் மறைந்தவர் அல்லர்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடி 'மியூடன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' மூன்றாம் பதிப்பை ஆடுகிறோம். இருபது முகப் பகடையும் தாளும் பேச்சும் மட்டுமே வேண்டிய சூப்பர்ஹீரோ கதையாட்டம் அது. சென்ற மாதம் கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் கேம் மாஸ்டராக இருந்தவன் நான். அன்று நான் சொன்ன ஒரு தீர்ப்பு தவறானது என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

கதைப்படி முதலமடையில் ஒரு மாம்பழக் கிடங்கு. தரையெல்லாம் வைக்கோல், வாசலில் இரண்டு காவலர்கள், ஒரு நாய். உள்ளே போக வேண்டியவர்கள் இருவர். ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆற்றல் உண்டு. மற்றவருக்கு ஆற்றல் எதுவும் இல்லை, பதுங்கும் திறமை மட்டுமே. முதலாமவரைப் பகடை உருட்டச் சொல்லாமலே உள்ளே விட்டேன். இரண்டாமவர் உருட்டினார், 2 விழுந்தது. காவலருக்கு 19 விழுந்தது. பிடிபட்டவர் ஒன்றும் சொல்லாமல் தன் தாளை மடித்து வைத்தார்.

வீடு அடங்கியபின் விதிநூலை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாத்திரத்தை உருவாக்கும்போது ஆற்றலையும் திறமையையும் புள்ளி கொடுத்து நிலை நிலையாக வாங்குகிறோம். பார்வைப் புலன்கள் அனைத்திலிருந்தும் மறைவதற்கு 4 நிலைகள், நிலைக்கு 2 புள்ளி, ஆக 8 புள்ளி. திறமைகளிலோ 1 புள்ளிக்கு 2 நிலைகள் கிடைக்கும் என்பதால், அதே 8 புள்ளிக்குப் பதுங்குவதில் 16 நிலைகள் வாங்கலாம். இருவரும் கொடுத்த விலை ஒன்றுதான். ஆனால் ஒருவர் ஒவ்வொரு முறையும் பகடைக்கு அஞ்ச வேண்டும், மற்றவர் ஒருமுறைகூட அஞ்ச வேண்டியதில்லை என்று நான் ஆக்கிவிட்டேன். விதிநூல் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த ஆட்டத்தில் மறைவு புலன் புலனாக வாங்கப்படுவது. பார்வைக்கு வாங்கியவர் செவிக்கும் மோப்பத்துக்கும் வாங்கியவர் ஆகமாட்டார். வைக்கோலில் கால் வைத்தால் சரசரக்கும், நாய்க்கு வாடை எட்டும். ஆகவே அவரும் பதுங்கும் திறமையை உருட்டியிருக்க வேண்டும். காவலர்கள் கேட்கும் செவியால் அதை எதிர்த்து உருட்டியிருக்க வேண்டும், 10 அடி தொலைவுக்கு 1 வீதம் கழித்துக்கொண்டு.

அப்படியானால் ஆற்றலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு நிறையவே இருக்கிறது. பதுங்குபவருக்கு ஒரு தூணோ இருட்டோ வேண்டும். மறைந்தவருக்கு நட்டநடு முற்றமே போதும். சண்டை மூண்டால், அவர் நிற்கும் இடத்தை ஊகித்துத் தாக்குபவருக்கும் பகடையில் 5 குறையும். இவ்வளவு கிடைக்கும்போது ஓசையின்மையையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பது, பதுங்குவதையே தன் வாழ்வாகக் கொண்ட பாத்திரத்திடமிருந்து அதன் ஒரே செல்வத்தைப் பறிப்பதாகும்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் ஒடியன் கதை கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. ஒடியன் காளையாக உருமாறி இருட்டில் நின்றாலும் உடம்பில் ஏதோ ஒன்று குறையும், வால் இருக்காது அல்லது ஒரு கால் இருக்காது, உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம் என்று அப்பத்தா சொல்வார். 1981இல் வெளிவந்த 'சாம்பியன்ஸ்' என்ற மற்றொரு சூப்பர்ஹீரோ கதையாட்டத்தின் மரபில் மறைவு ஆற்றலுக்கு இதே இயல்பு உண்டு. மறைந்தவரை மிக நெருங்கினால் அவரைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு தெரியும். அதையும் நீக்க வேண்டுமானால் தனியாக 10 புள்ளி கொடுக்க வேண்டும். விளிம்பு இருப்பதால்தான் நெருங்குவதா விலகுவதா என்று ஆடுபவர் எண்ண வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விதிக்காகவே அந்த ஆட்டத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு.

ஆற்றல்கள் ஒன்றோடொன்று கலக்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் புலன் என்பதே. மறைந்தவர் பறந்தால் வைக்கோல் சரசரக்காது, நாயின் மூக்கு மட்டும் மிஞ்சும். எதிரிக்குப் பார்வையைச் சாராமல் ஆபத்தை முன்னுணரும் புலன் இருந்தால், பார்வைக்கு எதிரான மறைவு அதைத் தொடாது; எதிரி திடுக்கிடாமல் தப்பலாம், ஆனால் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது அப்போதும் அவனுக்குக் கண்ணில் படாது. இரண்டு ஆற்றல்களும் ஒன்றையொன்று அழிக்காமல் தத்தம் வேலையைச் செய்வதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கு நேர்மாறான தவறையும் கண்டிருக்கிறேன். மறைபவரை அடக்க நினைக்கும் கேம் மாஸ்டர் ஒவ்வொரு வில்லனுக்கும் மறைவை ஊடுருவும் புலனை ஒட்டவைத்துவிடுவார். அதுவும் 8 புள்ளியைத் திருடுவதுதான். அத்தகைய புலன் எவனுக்கு உண்டு என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும், நடுவில் சேர்க்கக் கூடாது.

போன ஞாயிறு இருவரிடமும் பேசி அந்தக் காட்சியை மறுபடி ஆடினோம். மறைந்தவர் இம்முறை உருட்டினார், 6 விழுந்தது; காவலர்கள் வைக்கோல் பக்கம் திரும்பினர். அவர்கள் முதுகு காட்டிய அந்த நொடியில் தூண் நிழலிலிருந்து நழுவி உள்ளே போனவர், சென்ற முறை தாளை மடித்து வைத்தவர்.