ஜூம் ஜூம்னு சாவடிக்காதீங்கய்யா

ரெண்டு நாளா சும்மா இருந்துடலாம்னுதான் பாத்தேன். முடியல. துப்பாக்கி மேல மாட்டற தொலைநோக்கி, அதான் ஸ்கோப், அதுல எது வாங்கணும்னு பேசின அந்தப் பதிவுல என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், ஸ்க்ரீன்ஷாட் என் பொண்டாட்டி வாட்ஸப் வரைக்கும் வந்துடுச்சு, அதனால முதல்லருந்து கதை சொல்லப் போறதில்ல. நான் சொன்னது ஒரே விஷயம். 300 கஜத்துல ஒரு ஜாண் உயர தரை அணிலைச் சுடறதுக்கு ஸ்கோப் வாங்கறவன் முதல்ல ரெட்டிக்கிளை, அதாவது உள்ள தெரியற குறுக்குக் கம்பியைப் பாக்கணும், அப்புறம் லென்ஸ் கண்ணாடி, கடைசியாத்தான் ஜூம். அவ்ளோதான். அதுக்கு, 32 எக்ஸ், அதாவது 32 மடங்கு பெருசாக் காட்டற ஸ்கோப்தான் வாங்கணும்னு சொன்ன ஒரு அறிவாளி வந்து "ஏற்காட்டுல உக்காந்துகிட்டு அமெரிக்காவுக்கு ஸ்கோப் சொல்றாரு பாருங்க"ன்னு எழுதறார், கீழ வரிசையா சிரிப்பு. நான் ஏற்காட்டுல கூட இல்லைங்க சார். கீழ சேலம் அஸ்தம்பட்டில இருக்கேன்.

கேட்டது என் மச்சான். ஐடஹோவுல இருக்கான். அங்க குதிரைமசால் ஏக்கர் கணக்குல போடறாங்க, நம்மூர்ல மாட்டுக்குப் போடற அதே குதிரைமசால்தான், அதுல இந்தத் தரை அணில் வளை தோண்டித் தோண்டி வயலையே சல்லடை ஆக்கிடுது. விஸில் பிக்னு பேரு வச்சிருக்காங்க, விசில் அடிச்ச மாதிரி கத்துமாம். விவசாயியே வந்து சுட்டுக்குடுங்கப்பான்னு கூப்பிடறான், லைசென்ஸ் எடுத்துட்டுப் போய் சுடறாங்க. அது அந்த ஊரு, அந்த ஊரு சட்டம்.

இப்ப கணக்கைப் பாருங்க. எம்ஓஏ-ங்கறது குறி பாக்கறதுல வர்ற ஒரு கோண அளவு, ஒரு எம்ஓஏ 100 கஜத்துல சுமாரா ஒரு இன்ச், 300 கஜத்துல மூணு இன்ச். அந்த அணிலு நிமிந்து நின்னா அகலமே மூணு இன்ச் தேறாது. உங்க ஸ்கோப்புல குறுக்குக் கம்பி அரை எம்ஓஏ தடிமன்னு வைங்க, ஒன்றரை இன்ச் கம்பிக்குள்ள போயிடுச்சு, பாதி அணிலைக் காணோம். எங்க சுடறீங்க? கம்பியையா? இதே கம்பி 0.1 எம்ஓஏ-ன்னா முழு உருப்படியும் தெரியும். இதைத்தான் ரெட்டிக்கிள் முதல்லன்னு சொன்னேன். 24 எக்ஸ் வாங்கு 32 எக்ஸ் வாங்குன்னு கத்தறவங்க ஒருத்தராவது கம்பி தடிமன் என்னன்னு கேட்டாங்களா?

அப்புறம் காத்து. பக்கவாட்டுல மணிக்கு 10 மைல் வேகத்துல அடிச்சா போதும், சாதாரண .223 ரைஃபிள் குண்டை 300 கஜம் போறதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு அடி தள்ளிவிட்டுடும். அணிலு மூணு இன்ச், காத்து ஒரு அடி. அதனால தூரம் போகப் போக குண்டு கீழ இறங்கறதுக்கு மட்டும் ரெட்டிக்கிள்ல கோடு இருந்தா பத்தாது, ரெண்டு பக்கமும் காத்துக்குக் கோடு வேணும். ஆனா ரெட்டிக்கிள்னு சொல்லி மார்கழி மாசத்து வாசக்கோலம் மாதிரி புள்ளியும் கோடுமா நிரப்பி விக்கறாங்க பாருங்க, அதுவும் வேண்டாம். அணிலு எந்தப் புள்ளிக்குள்ள இருக்குன்னு தேடறதுக்குள்ள அது வளைக்குள்ள போயிடும்.

"ஜூம் அதிகமா இருந்தா நல்லதுதானே, வேணாம்னா குறைச்சுக்கலாமே"ன்னு ஒரு தம்பி பவ்யமா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பிரச்சனையே அங்கதான். பெரும்பாலான ஸ்கோப் செகண்ட் ஃபோக்கல் ப்ளேன், அதாவது ஜூமை மாத்தினா படம் பெருசாகும், கோடு அப்படியே நிக்கும். கம்பி ஒல்லியா இருக்கும், சின்ன உருப்படிக்கு வசதி, ஒத்துக்கறேன். ஆனா அந்த அளவுக்கோடு எல்லாம் ஏதோ ஒரு ஜூம்ல மட்டும்தான் சரி, நிறைய ஸ்கோப்புல அது கடைசி ஜூம். 24-ல சரியா இருக்கற கோட்டை 12-க்குக் குறைச்சு வச்சுப் பாத்தா ரெண்டு மடங்கு கணக்கு. ரெண்டு எம்ஓஏ கோடு நாலு எம்ஓஏ ஆயிடும். மத்தியானம் கானல் ஏறினா 24-ல பாக்கவே முடியாது, குறைச்சுத்தான் ஆகணும், குறைச்சா கோடு பொய் சொல்லும். ஃபர்ஸ்ட் ஃபோக்கல் ப்ளேன்ல கோடும் படத்தோட சேந்தே பெருசாகும், இந்தத் தொல்லை இல்ல, ஆனா விலை ஏறும், மட்டமானதா வாங்கினா கம்பி தடியாத் தொலையும். இதெல்லாம் யோசிச்சு வாங்குடான்னேன். இதுக்கா சிரிப்பு?

கானல்னா என்னன்னு சந்தேகம் இருக்கறவங்க ஏற்காடு மேல லேடீஸ் சீட்டுக்குப் போங்க. 20 கொண்டை ஊசி வளைவுதான். உச்சி வெயில்ல அங்க இருக்கற டெலஸ்கோப்புல கீழ சேலத்தைப் பாருங்க. வெறும் கண்ணுக்கு ஊரு அழகா நிக்கும், டெலஸ்கோப்புல பாத்தா கட்டடமெல்லாம் கொதிக்கற ரசம் மாதிரி ஆடும். ஜூம் கானலையும் சேத்துத்தான்யா பெருசாக்கும்.

சரி, எனக்கு என்ன தெரியும்னு கேக்கறீங்க. எங்கிட்ட இருக்கறது ஏர் ரைஃபிள்தான். .177 இன்ச் குழல், குண்டோட சக்தி 20 ஜூலுக்கு உள்ள, லைசென்ஸ் தேவையில்லாதது. மொட்டை மாடில பேப்பர் டார்கெட் 25 மீட்டர். சிரிச்சுக்கோங்க. ஆனா நானும் ஒரு காலத்துல உங்கள மாதிரி ஜூம் பைத்தியம் பிடிச்சு அலைஞ்சவன்தான். ஆன்லைன்ல 6-24x50 ஒண்ணு, அதாவது 6-லருந்து 24 வரைக்கும் ஜூம், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர், கடைக்காரன் பேரு வேண்டாம், ஒரு மாச வீட்டு வாடகை. ஸ்பிரிங் ஏர்கன் பின்னாடியும் உதைக்கும், உடனே முன்னாடியும் இழுக்கும், அதைத் தாங்கற மாதிரி செஞ்ச ஸ்கோப்தான் வேணும்னு அவனும் சொல்லல, எனக்கும் தெரியல. மூணாவது வாரம் குறுக்குக் கம்பி கோணலாத் திரும்பி நின்னுச்சு. அதுக்கு முன்னாடியும் 24-ல வச்சா படம் இருட்டு, 50-ஐ 24-ஆல வகுத்தா ரெண்டு மில்லிமீட்டர் வெளிச்சம்தான் கண்ணுக்கு வருது, கண்ணு ஒரு நூல் நகந்தா கருப்பாயிடும். பத்துல வச்சா அஞ்சு மில்லிமீட்டர், சுகமா இருந்துச்சு. அப்ப 24-க்கு எதுக்குக் காசு குடுத்தேன்?

எங்க தாத்தா நாகலூர் பக்கம் எஸ்டேட் வாட்ச்மேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தி. எஸ்டேட் பேர்ல லைசென்ஸ், ஒத்தக்குழல் துப்பாக்கி, காட்டுப்பன்னிக்கு. குழல் நுனியில குறி பாக்க உருண்டையா ஒரு மணி, அவ்ளோதான் அவருக்கு ஸ்கோப்பு, ரெட்டிக்கிளு எல்லாம். அந்த மணி பெருசா இருக்கு, தூரத்துல பன்னியே மறையுதுன்னு அரத்தை எடுத்து ராவி ராவிப் பாதியாக்கிட்டாராம், தொரை பாத்துட்டு ஒரு வாரம் சம்பளத்தைப் பிடிச்சானாம். அமெரிக்கா போகாத ஆளு. கம்பி தடிமன் பிரச்சனை அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப ஜீவகாருண்யம் கிளப்பறவங்க. வேட்டைக்கு ஆலோசனை சொல்றேனாம். ஏற்காட்டுல காட்டெருமை காபித்தோட்டத்துக்குள்ள வந்து நின்னா ஒதுங்கி வழிவிடறவன் நான், கல்லு கூட எடுக்க மாட்டேன். அதைச் சொன்னவர் புரொஃபைல்ல போன வாரம் மட்டன் சுக்கா. போதும், மேல பேச விரும்பல. ஆனா என் வீட்டம்மா ஒண்ணு கேட்டா, "அணிலையா சுடறான் என் தம்பி? ராமர் கோடு போட்டதையா?"ன்னு. அந்த அணிலுக்கு மூணு கோடு இல்லடின்னு சொன்னேன். எனக்கே அது பதிலாத் தெரியல. சுடறதுன்னு முடிவு பண்ணிட்டா காயத்தோட ஓட விடாம சுடணும், அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன், அதுக்கு மேல எங்கிட்ட பதில் இல்ல.

உண்மையா எனக்கு எது வலிச்சுச்சுன்னா, அந்த அறிவாளி இல்ல. அவர் யாரோ. அந்தக் கமெண்டுக்குச் சிரிச்சவங்க லிஸ்டைத் தொறந்து பாத்தேன், நாலாவது பேரு என் மச்சான். ராத்திரி பதினொரு மணிக்கு "மாமா, எதுன்னு சொல்லுங்க மாமா"ன்னு போன் பண்ணினவன். ஒரு நோட்டுல கணக்குப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. கடைசில அவர் சொன்ன 32 எக்ஸையே ஆர்டர் பண்ணிட்டானாம்.

மச்சான், வாங்கினது வாங்கினதாவே இருக்கட்டும். பக்கத்துல பாரலாக்ஸ் திருகு இருக்கும், தூரத்துக்குத் தக்க அதைத் திருப்பிக்கோ, தலையை ஆட்டினா கம்பி அணில் மேல நகராம நிக்கணும். கோடு எந்த ஜூம்ல சரின்னு டப்பாவுல போட்டிருப்பான், படி. அப்புறம் அந்த ஹாஹாவை எடுத்துடு, உங்க அக்கா பாத்துட்டா.