டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லும் சார்களுக்கு

மன அழுத்தத்தைக் குறைக்கிறேன் என்று சொல்லி அடுத்தவர் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கும் வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனை ஒரு மாதம் எங்கள் டிஸ்பாட்ச் செக்ஷனில் உட்கார வைக்க வேண்டும். போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் முதுநகருக்கு மீன் வாங்கப் போய்விடுவேன்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை பாண்டியில். வாரத்தில் ஆறு நாள் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போகிற பஸ்ஸில்தான் என் காலை கழிகிறது. போன வாரம் ஏழாவது நாளும் அதே பஸ். 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட், மோட்டிவேஷன்' என்று கம்பெனி ஏற்பாடு. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால், பல்லை நடுக்கும் ஏசி, காதில் மாட்டிய மைக்கோடு ஒரு பயிற்சியாளர். "எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு ஹை-ஃபை குடுங்க!" என்றார். என் பக்கத்தில் இருந்தவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக அங்கே வந்திருந்த பேக்கிங் அண்ணன். கையைத் தூக்கவே அவருக்குத் தெம்பில்லை.

அப்புறம் டம்ளர் வந்தது. வரும் என்று தெரியும், எல்லா வகுப்பிலும் வரும். தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இது எவ்ளோ வெயிட்?" என்றார். ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னோம். "வெயிட்டு முக்கியமில்லைங்க, எவ்ளோ நேரம் பிடிச்சிருக்கீங்கங்கறதுதான் முக்கியம். கவலையும் இப்படித்தான். கீழ வச்சிடுங்க!" ஹாலே கைதட்டியது.

எங்கே சார் வைப்பது? நானா ஆசைப்பட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? இரண்டு மணிக்கு வர வேண்டிய லாரி ஐந்தரைக்கு வரும். எந்த லாரி என்று முடிவு செய்வது டிரான்ஸ்போர்ட்காரர். சரக்கு எந்தத் தேதியில் போய்ச் சேரும் என்று வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்து கொடுப்பது சேல்ஸ். பெட்டி எப்போது ரெடியாகும் என்பது புரொடக்ஷன் கையில். இந்த மூன்றில் ஒன்றைக் கூட மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் இரவு ஒன்பதரைக்குப் போன் அடித்து "லோடு ஏன் போகலை?" என்று கத்துவது என்னிடம்தான். பதில் சொல்லாவிட்டால் மறுநாள் மெமோ. இந்த டம்ளரைக் கீழே வைத்துப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

இதை நான் கொழுப்பெடுத்துச் சொல்லவில்லை. 1979லேயே ராபர்ட் கராசெக் என்பவர் ஸ்வீடன், அமெரிக்க வேலையாட்களின் தகவல்களை வைத்துச் சொன்ன விஷயம்தான் இது. வேலைச் சுமை அதிகம் என்பது மட்டும் ஆளைக் கொல்வதில்லை. சுமை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, இரண்டும் ஒன்று சேரும் இடம்தான் நாசம். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் குழுவினர் பல வருடம் செய்த வைட்ஹால் ஆய்வுகளும் இதைத்தான் காட்டின. பெரிய பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்றுதானே நினைப்போம்? அடுக்கில் கீழே போகப் போகத்தான் இதய நோய்ச் சாவு அதிகமாக இருந்தது. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. தன் வேலை மீது தனக்குப் பிடி இல்லாததும் இதயத்தைப் பாதிக்கிறது என்று அடுத்த கட்ட ஆய்வில் தெரிந்தது. இது ஒரு ஸ்லைடில் வந்ததா? வராது. பணம் கொடுத்து ஹால் எடுத்தவருக்கு அது பிடிக்காதே.

(ஸ்ட்ரெஸ் ஆராய்ச்சிக்கே தந்தை என்று சொல்லப்படும் ஹான்ஸ் செல்யே புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியிருந்தார் என்பது அந்தக் கம்பெனிகளின் ஆவணங்கள் வெளியே வந்தபோது தெரிந்தது. யார் காசு என்று பார்ப்பது இந்தத் துறையில் ரொம்ப முக்கியம்.)

"ஸ்ட்ரெஸ்ங்கறது வெளில இல்லைங்க, நீங்க எடுத்துக்கற விதத்துல இருக்கு" என்றார் அடுத்து. எனக்கு ரத்தம் கொதித்தது இங்கேதான். பொய்யாக இருந்தால் கூடப் பரவாயில்லை, இது பாதி உண்மை. ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984ல் எழுதியதில் இரண்டு மதிப்பீடு உண்டு. முதலாவது, 'இதனால் எனக்குப் பாதிப்பு உண்டா?' இரண்டாவது, 'உண்டு என்றால் என்னால் என்ன செய்ய முடியும், என் கையில் என்ன இருக்கிறது?' நம் ஆள் முதல் கேள்வியோடு கடையைக் கட்டிவிட்டார். இரண்டாவதைக் கேட்டிருந்தால் ஹாலில் இருந்த எல்லாரும் மேடைக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்த மேனேஜர்களைத் திரும்பிப் பார்த்திருப்போம்.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்கார வைத்து, எப்போது வரும் என்றே தெரியாதபடி காதைக் கிழிக்கும் சத்தத்தைப் போட்டார்கள். சிலரிடம் மட்டும், "இந்தப் பட்டனை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்று சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலும் யாரும் அழுத்தவே இல்லை. ஆக, எல்லாரும் கேட்டது அதே சத்தம்தான். ஆனால் சத்தம் ஓய்ந்த பிறகு தீர்க்கவே முடியாத புதிர்களைக் கொடுத்தபோது, பட்டன் இருந்தவர்கள் விடாமல் முயன்றார்கள். பட்டன் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். பிழை திருத்தும் வேலையிலும் இவர்கள்தான் அதிகம் கோட்டை விட்டார்கள். நான் கேட்பது அந்தப் பட்டனைத்தான். தினமும் அழுத்த மாட்டேன். இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைப்பது 'ஆட்டிட்யூட்'. முருங்கப்பாக்கத்தில் வண்டிகள் நின்று நான் லேட்டாக வந்தால், "என்னம்மா, வேலைல இன்ட்ரஸ்ட் இல்லையா?" அதே ரோட்டில் கார் மாட்டி மேனேஜர் லேட்டாக வந்தால், "என்ன டிராஃபிக்குப்பா!" தன் விஷயத்தில் சூழ்நிலையும் அடுத்தவன் விஷயத்தில் குணமும் கண்ணில் படும் இந்தக் கோளாறைச் சமூக உளவியலில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். 1967ல் ஜோன்ஸ், ஹாரிஸ் செய்த சோதனையில், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவருக்கு வேறு வழியில்லை, அப்படி எழுதச் சொன்னதால் எழுதினார் என்று சொன்ன பிறகும், படித்தவர்கள் அவரைக் காஸ்ட்ரோ ஆதரவாளராகவே நினைத்தார்கள். லாரி வரவில்லை என்று ரிஜிஸ்டரில் நேரம் போட்டுக் காட்டினாலும் எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை என்று ஒருவர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்!

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோ முக்கோணமும் வந்தது. 1943ல் அவர் எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது, போகட்டும்.

'மாதத்தின் நட்சத்திரம்' என்று நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டும் திட்டத்தையும் அங்கேயே அறிவித்தார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் இதைப் பார்த்துவிட்டார்கள். ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம், 'வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் குறைந்துவிட்டது. எங்கள் பேக்கிங் அண்ணன் பெட்டிக்கு டேப் ஒட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். மூலையை விரலால் ஒருமுறை நீவி, பெட்டியைத் திருப்பி, அடியிலும் ஒருமுறை நீவுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கு நட்சத்திரம் வேண்டாம், அடுத்த வார ஷிப்ட்டை இந்த வாரமே சொன்னால் போதும்.

கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்றார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் திட்டித் தீர்த்த கூட்டம் மூச்சுவிடவில்லை. மாதிரிக் கோட்டின் அதே நீளம் எந்தக் கோட்டுக்கு என்று கண்ணெதிரே தெரிந்தும் கூட்டத்தோடு தப்பாகச் சொன்னார்களே, சாலமன் ஆஷின் சோதனையில், அந்த அமைதி. ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் மற்றவருக்கு வாய் வரும் என்பதும் அதே சோதனையில் தெரிந்ததுதான். நான் கையைத் தூக்கினேன். "சார், ராத்திரி எட்டு மணிக்கு மேல வர்ற போனை எங்க வைக்கறது?" சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "ஆமா சார், அக்கா கேக்கறது கரெக்டு" என்றான். அதற்குள், "லஞ்ச் ரெடி, டீம்!" என்று எச்.ஆர். மைக்கை வாங்கிக்கொண்டார்.

எட்டு மணிக்கு மேல் போன் கூடாது, லாரி தேதி முடிவாகும்போது எங்களில் ஒருவரைக் கேட்க வேண்டும், ஷிப்ட் லிஸ்ட் ஒரு வாரம் முன்னால் ஒட்ட வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு அந்த ஹோட்டலின் சாப்பாட்டு பில்லில் கால்வாசி கூட வராது. எழுதிக் கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை, சர்க்குலர்தான் வந்தது. வருகிற இரண்டாம் சனிக்கிழமை ஊழியர் நலனுக்காக யோகா. வருகை கட்டாயம், பயோமெட்ரிக் வைக்க வேண்டும், வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு கழிக்கப்படும். அன்றைக்கு இரண்டு லோடு போக வேண்டியிருக்கிறது. தேதி போட்டவர் டிஸ்பாட்ச்சில் யாரையும் கேட்கவில்லை.