மிரளும் குதிரையின் தலையை இறுக்குவது குறித்து

"மிரளும் குதிரையின் தாடை மார்பில் படும்வரை கடிவாளத்தை இறுக்கினால் அது அடங்கும், குதிரையை நுணுக்கமான நடைகளில் நடத்திக்காட்டும் டிரெசாஜ் போட்டியாளர்கள் செய்வதும் இதுவே" என்று ஓர் அண்ணர் எழுதியிருப்பது தவறு. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகள், குதிரையின் மூக்கு பொதுவாகச் செங்குத்துக் கோட்டிற்குச் சற்று முன்னே இருக்கவேண்டும் என்கின்றன. கழுத்தைப் பலவந்தமாக மிகையாக வளைப்பதை அக்கூட்டமைப்பு 2010 இலேயே ஏற்கமுடியாதது என அறிவித்துவிட்டது.

கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் குதிரை ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் காண்கிறது. தலையை மார்போடு இழுத்துவிட்டால் முன்னே உள்ள வழி மறைந்து காலடி நிலமே தெரியும் என்பதால், கூச்ச சுபாவமுள்ள குதிரைக்கு அச்சம் கூடுமே தவிரக் குறையாது. இலங்கையின் நெடுந்தீவில் கட்டின்றித் திரியும் குதிரைகள் ஆளரவம் கேட்டதும் தலையை உயர்த்திக் காதுகளை நிமிர்த்துவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடக்கம் என்று நாம் எண்ணுவது, பாவம், அதன் வாய்வலியாகவும் இருக்கலாம்.

டிரெசாஜ் போட்டி நடைபெறும் 20க்கு 60 மீற்றர் களத்தின் ஓரத்தில் இடங்களைக் குறிக்கும் எழுத்துப் பலகைகளும் நடுவர்களின் இருக்கைகளும் இருக்கும்; அவற்றைக் கண்டும் குதிரை மிரளலாம். அத்தகைய பொருட்களை வீட்டிலேயே வைத்து, கடிவாளத்தைத் தளர்த்தி, குதிரை தானாக நின்று பார்த்து மூச்சுவிடும்வரை பொறுத்திருந்து பழக்குவதே முறையான பயிற்சி.