நேரலையின் ஆயுள் 30 நாள்

பியூ ஆய்வு மையம் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குள் காணாமல் போய்விட்டனவாம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஆடும் ரதி - மன்மதன் கதையான காமன் கூத்தின் நேரலைகள்.

இலங்கை மலையகத்தில் இணையம் என்றால் பெரும்பாலும் முகநூலும் வட்ஸ்அப்பும்தான். மாசியில் கூத்து ஆடினால் நேரலை. தேர் இழுத்தால் நேரலை. சாவு வீட்டில்கூட நேரலை. கட்டாரில் இருக்கும் மகன் தகப்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இதைக் கிண்டல் செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. லீவு கிடைக்காத கொழும்புக் கடைப் பிள்ளைக்கும், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழ்நாட்டின் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்ச் சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் திருவிழா அந்த ஆடுகிற போன் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

போட்டது போட்ட இடத்தில் கிடக்கும் என்று நம்பிவிட்டோம். அதுதான் சிக்கல். 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் புதிய நேரலைகளை 30 நாள் மட்டுமே வைத்திருக்கிறது. பழையவற்றுக்கு, போட்டவருக்கு அறிவித்தல் அனுப்பி, இறக்கிக்கொள்ள 90 நாள் தந்து, பிறகு நீக்கிவிடுவதாகச் சொன்னது. மக்கள் நேரலைகளைப் பார்ப்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கம்பனிக்கு அது சரியான கணக்கு. ஆனால் சாவு வீட்டு நேரலையை முதல் வாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதா முக்கியம்? வருடத் திவசத்துக்கு ஒரே ஒருத்தர் தேடி வருவார். அந்த ஒருத்தருக்காகத்தான் அது இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். நம் திருவிழாக்களின் நடுவே விளம்பரம் போட்டுச் சம்பாதித்தவர்கள்தானே.

2023இல், நம்மவர்கள் மலையகம் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ஐ ஒட்டி ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் நினைவிருக்கிறதா? நம்மவர்கள் முதலில் வந்த பாதையிலேயே திரும்ப நடந்தார்கள். அதன் பெரும்பகுதியை நான் நேரலையில்தான் பார்த்தேன். 2018இல் தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகக் கொழும்புக் காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் கூடிய இளைஞர்களையும் அப்படித்தான். அவற்றை யாராவது இறக்கி வைத்திருந்தால் தப்பியிருக்கும். மற்றதெல்லாம் போனதுதான்.

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், மூன்று தலைமுறை குடியிருந்தும் சுவர் நமதில்லை, கூரைத் தகரம் நமதில்லை. இப்போது நினைவுகளையும் கொண்டுபோய் அதே மாதிரி ஒரு லயத்தில் குடிவைத்திருக்கிறோம். எந்த ஊரிலோ இருக்கும் துரை ஒரு நாள் காலி பண்ணச் சொன்னால் பண்ண வேண்டியதுதான்.

பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். நமக்குமா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது? இங்கே பிறந்தால் மட்டும் போதாது, உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு. இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு. தோட்டத்தில் பிறந்த எத்தனையோ பேரிடம் காட்டத் துண்டு ஒன்றும் இருக்கவில்லை. நாடற்றவர்களானார்கள்.

இன்னொன்று. தேயிலைக்குள் நின்று டிக்டொக் ஆடும் பிள்ளைகளைத் திட்டுவது நம் பெரியவர்களுக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சுற்றுலா விளம்பரத்தில் வரும் சிரித்த முகக் கொழுந்துக்காரியைவிட, பின்னால் ஒழுகும் கூரையும் புகை படிந்த அடுப்பும் தெரிய ஆடுகிற அந்தப் பிள்ளையின் காணொளி எவ்வளவோ நேர்மையான ஆவணம். ஐம்பது வருடம் கழித்து லயம் எப்படி இருந்தது என்று ஆராய வருகிறவர் அதைத்தான் தேடுவார்.

அப்போ கடதாசியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்றால், நம் மலையில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஈரத்தில் அல்பம் பூஞ்சணம் பிடிக்கும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போயின. அடையாள அட்டை என்ன, கல்யாணப் படம் என்ன. அதனால் இரண்டும் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் வேண்டும். 2005இல் ஆரம்பித்த நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. இதுவரை அதைத் திறந்து பார்க்காத மலையக ஆசிரியர்கள் இருந்தால் எனக்கு வருத்தம்தான். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் இருக்கிறது. ஆனால் 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே பல நாள் முடங்கிக் கிடந்தது. ஒரே இடத்தை நம்பாதீர்கள் என்பது அதற்கும் பொருந்தும்.

தோட்டத்துக்கு ஒரு பொடியன், ஒரு ஹார்ட் டிஸ்க், பிரதி ஒன்று வேறு ஊரில். கோயில் கமிட்டி சவுண்ட் செட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு துண்டு போதும். காணொளியின் பெயரில் தோட்டம், டிவிஷன், வருடம் மூன்றையும் எழுதி வையுங்கள். ‘வீடியோ 1’ என்று வைத்தால் அழிந்த மாதிரிதான்.

பழைய காமன் கூத்து, பொன்னர் சங்கர் கூத்து நேரலைகளை இறக்கி வைத்திருப்பவர்கள் எனக்கும் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிப் போய் ரதி யார் மன்மதன் யார் என்று தெரியாது. டொக்யுமென்ட் ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.