சரிவுக்குக் கீழே இருப்பவரிடமும் கேளுங்கள்

நீலகிரியில் ஒரு கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் கொடுக்கும் முன், அந்தச் சரிவில் அதற்குக் கீழே குடியிருக்கும் வீடுகளுக்குக் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்தப் பதிவு.

விதிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1990-லேயே ஹாகா (HACA) என்ற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்துவிட்டது. 1993 மலைப்பகுதிக் கட்டட விதிகள் 7 மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது என்று வரம்பு வைத்தன. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையில்லாச் சான்றுக்கு அலைய வேண்டும். இத்தனை மேஜை தாண்டிப் போகும் கோப்பில், மண் சரிந்தால் யார் தலையில் விழுமோ அவருக்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

அந்த 7 மீட்டரை எங்கிருந்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ரோட்டில் நின்று பார்த்தால் ஒரே தளமாகத் தெரியும் காட்டேஜ்கள் உண்டு. பக்கத்துப் படியில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் மூன்று, நான்கு தளம். பின்னால் நேர்குத்தாக வெட்டிய செம்மண், வெட்டிய இடத்தில் அந்தரத்தில் தொங்கும் தேயிலை வேர். வெட்டிய மண் எங்கே போனது? கீழே இருந்த ஓடையில். அடுத்த மழையில் தண்ணீர் தன் வழியைக் காணாமல் யார் வீட்டுப் பின்சுவரைத் தேடிப் போகும் என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கேத்தி, அச்சனக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சரி, அது பேய் மழை என்று சொல்லலாம். 2024 பிப்ரவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் நடந்தது? வீட்டு வேலைக்குப் பள்ளம் தோண்டிய இடத்தில் மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் மண்ணோடு சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக்காலம்கூட இல்லை.

கோர்ட் இருக்கிறதே என்பார்கள். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு மலைக் கட்டட விதிகளிலிருந்து அரசாணையே விதிவிலக்கு தந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் மாடிகள் எழும்பிவிட்டன. மலையை வெட்டிய பிறகு வரும் தீர்ப்பு மண்ணைத் திரும்ப ஒட்ட வைக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரெண்டு சென்ட்டில் ஓட்டு வீட்டை இடித்துக் கட்ட நினைக்கும் உள்ளூர்க்காரர் வருஷக்கணக்கில் அலைகிறார். அவர் கோபத்தில் "ஹாகாவே வேண்டாம்" என்கிறார். அந்தக் கோபம் நியாயம், கோரிக்கை தவறு. சின்ன வீடுகளுக்கு ஆய்வைச் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், தாமதத்துக்கு அதிகாரி பதில் சொல்லட்டும். ஆனால் குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு ஆன்லைனில் ரூம் வாடகைக்கு விடுகிற கட்டடத்தை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். உபயோகம் மாறினால் கழிவுநீர், வண்டி நிறுத்தம், சரிவு எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்துத்தான் விட வேண்டும்.

அப்புறம் ஒரு எளிய விஷயம். வேலை நடக்கும் இடத்தில் ஒரு போர்டு, தமிழில்: யாருடைய கட்டடம், எத்தனை தளம், எவ்வளவு மண் வெட்ட அனுமதி, அப்ரூவல் எண், புகாருக்கு எந்த அலுவலகம். ஜேசிபி ஏறும்போது கீழே நிற்கும் பாட்டி யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவிக்கக் கூடாது.

ஊராட்சியில் இருப்பவர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்: கீழ் வீடுகளுக்கு எழுத்தில் அறிவிப்பு, இடத்தில் போர்டு. தீர்மானப் புத்தகத்தில் பதிந்தார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.