ஒரு மாதமும் ஓர் இரவு ரயிலும்

கடந்த வருடம் என் அக்காவின் மகளுக்கு ஓர் அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடியவர் எவரும் இல்லாததால், நகரில் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி இரண்டு முறை வாசித்துவிட்டு, "தங்கச்சிக்கு வேலை இல்லையாம், காரணம் ஒன்றும் போடவில்லை" என்றார். நேர்முகத் தேர்வில் அவளைவிடக் குறைந்த புள்ளி பெற்ற இருவருக்கு நியமனம் கிடைத்திருந்தது சில வாரங்கள் கழித்தே தெரிய வந்தது. சட்டத்தரணியிடம் போனபோது, கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணினாலும் மூன்று நாள் பிந்திவிட்டது என்றார்.

அவர் சொன்ன கணக்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தச் சமத்துவம் மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்திடம் நேரடியாக முறையிடலாம் என்று 126ஆம் உறுப்புரை சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக்குள் மனு வந்து சேர வேண்டும் என்றும் விதிக்கிறது. மனுவைத் தாக்கல் செய்யும் இடம் கொழும்பு புதுக்கடை. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர், இரவு ரயிலில் ஒரு முழு இரவு, அதற்குமேல் கொழும்புச் சட்டத்தரணியின் கட்டணம். உரிமை எல்லோருக்கும் சமமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதைக் கேட்கப் போகும் வழி சமமாக அமைக்கப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதமே அரசியலமைப்புக்கு முரணானது. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. (அந்த 'உம்' எங்கள் தலைமுறையை எத்தனை நாள் யோசிக்க வைத்தது என்பது வேறு கதை.) மறு வருடம் வந்த 16ஆம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இருக்கும் ஓர் ஏற்பாட்டை ஒரு எழுதுவினைஞரின் மேசை கடந்து வர முடியவில்லை என்றால், பிழை அந்த மேசையில் இருப்பவருடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மீறினால் தனக்கு என்ன ஆகும் என்பதை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

கோடீஸ்வரன் வழக்கை நம்மில் பலர் மறந்துவிட்டோம். சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் அரச எழுதுவினைஞரான அவருக்கு 1962இல் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்ற, அப்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை வைத்து அவர் வழக்காடி, மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடர முடியாது என்று மேல்முறையீட்டில் அது தள்ளப்பட்டது. 1969இல், அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் அந்தக் காரணத்தை நிராகரித்து, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது, 1972இல் 29ஆம் பிரிவும் போயிற்று. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் எழுதப்படவில்லை. ஓர் உரிமையைத் தோற்கடிக்க அதற்கு எதிராகத் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை, நாட்களைக் கடத்தினாலே போதும் என்பதை நான் கற்றது அந்த வழக்கிலிருந்துதான்.

இப்படிச் சொல்வதால் அரசியலமைப்பு வெறும் காகிதம் என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் அதே 12(1)ஐ வைத்தே உயர் நீதிமன்றம் சென்றார்கள். நாலரை வருடம் முடியும் முன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்காமல் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவரின் கையொப்பத்தையே செல்லாததாக்கிய வசனம் அது. அவர்களுக்கு வேலை செய்த அந்த வசனம் என் மருமகளுக்கு வேலை செய்யாமல் போனதற்கு, அவர்கள் நான்கு நாட்களுக்குள் புதுக்கடைக்குப் போகக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில் திருத்தம் செய்வது பெரிய காரியமுமல்ல. மாகாண மேல் நீதிமன்றம் இங்கேயே இருக்கிறது, மாகாண விடயங்களில் அதிகாரிகளின் முடிவுகளை இரத்துச் செய்வது போன்ற எழுத்தாணைகளை வழங்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. அடிப்படை உரிமை மனுக்களை விசாரிக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டு, உயர் நீதிமன்றத்தை மேன்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். மனுவுக்கான ஒரு மாதக் கெடுவை மூன்று மாதமாக்கினால் நிருவாகம் எப்போதும் நிச்சயமற்றிருக்கும் என்பார்கள். காரணம் சொல்லாத கடிதத்தோடு வாழும் ஒருவரின் நிச்சயமின்மையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இதையெல்லாம் தட்டிக் கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, இதை எழுதும்வரை தேர்தல் இல்லை. மாகாணத்தின் தலைநகரில் இருந்துகொண்டு மாகாண சபை இல்லாமல் வாழப் பழகிவிட்டோம்.

ஒரு தகவலை மட்டும் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் 13ஆம் பிரிவு அது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மருமகள் வேறொரு பதவிக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை கடிதம் வந்தால், பிரிப்பதற்கு முன் உறையிலுள்ள தபால் முத்திரையைப் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.