எடைப் பிரிவு என்பது சலுகை இல்லை, ஐயா

டைக்வொண்டோ என்ற உதைச் சண்டை விளையாட்டில் 46 கிலோப் பிரிவில் மெடல் எடுத்த என் அக்காவின் மகளுக்குச் சனிக்கிழமை வைத்த பாராட்டு விழாவில் நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். அக்காவும் வேண்டாம் என்றாள். "ஊருக்குள்ள இருக்கிற ஆக்கள், பகைச்சுக்கொள்ளாத." ஆனால் நேற்று அந்த வீடியோ என் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. இனிமேலும் பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பிரதம விருந்தினர் ஐயா, எடைப் பிரிவு என்பது சலுகை இல்லை. "46 கிலோவோ? எங்கட வீட்டு அரிசி மூட்டை இதைவிடப் பாரம்" என்று மைக்கில் சொன்னீர்கள். மண்டபம் சிரித்தது. அந்த உற்சாகத்தில் "இப்படிக் கிலோவுக்குக் கிலோ பிரிச்சால் வீட்டுக்கொரு மெடல் வரும்தானே" என்றும் சொன்னீர்கள். என் பெறாமகள் உங்களுக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்றாவது வரிசையிலிருந்து நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெடல் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள்.

டைக்வொண்டோ உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கு 8 எடைப் பிரிவுகள். 46 கிலோவுக்குக் கீழே தொடங்கி 73 கிலோவுக்கு மேலே போய் முடியும். ஒலிம்பிக்கில் அதையும் 4 ஆகச் சுருக்கிவிட்டார்கள், அங்கே ஆகக் கீழே இருப்பது 49. நெஞ்சுக் கவசத்துக்குள் இருக்கும் சென்சர் எவ்வளவு பலமான உதையைப் புள்ளியாக எடுக்க வேண்டும் என்பதைக்கூட எடைப் பிரிவைப் பார்த்துத்தான் அமைக்கிறார்கள். உடம்பில் ஒரு உதை 2 புள்ளி, தலையில் 3, சுழன்று தலைக்கு அடித்தால் 5. எதிரே நிற்பவளும் உன் எடைதான். தோற்றால் "அவள் என்னைவிடப் பாரம்" என்று சொல்ல வழியில்லை. பிறகு மிஞ்சுவது காலும் மூச்சும் மூளையும்தான். இதில் எங்கே ஐயா சலுகை?

வூ ஜிங்யூ 2008 ஒலிம்பிக்கிலும் 2012 ஒலிம்பிக்கிலும் சீனாவுக்குத் தங்கம் எடுத்தது 49 கிலோவில். தாய்லாந்தின் பானிபாக் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் எடுத்ததும் அதே 49-இல். அவர்கள் ஊரில் யாராவது அரிசி மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்களா?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். 2003-இல் எனக்கு 17 வயது. திருகோணமலையிலிருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம், நான்கு பெண் பிள்ளைகளும் ஒரு மாஸ்டரும். முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் தராசில் ஏறினால் 300 கிராம் கூட. முதல் தடவை தவறினால் நேரம் முடிவதற்குள் இன்னொரு தடவை ஏறலாம், அதுதான் விதி. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடினேன். சூயிங்கம் மென்று மென்று பிளாஸ்டிக் கப்பில் துப்பினேன், கடைசியில் துப்பவும் எச்சில் இல்லை. திரும்ப ஏறியபோது 100 கிராம் கூட. ஒரு சுற்றுக்கூட விளையாடாமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டில் அப்பம்மா "நல்லதாப் போச்சு" என்றா. அதோடு என் டைக்வொண்டோ முடிந்தது.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் வினேஷ் போகட்டை 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராமுக்காக வெளியே அனுப்பினார்களே, அன்றைக்கு நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ராத்திரியில் தலைமயிரைக்கூட வெட்டிப் பார்த்தார்களாம். அந்த 100 கிராம் எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் பகிடி, பெரிசா எடுக்காதீங்க" என்பவர்களுக்கு: ஒரு பிள்ளையை மேடையில் ஏற்றி, ஊரே பார்க்க அவளுடைய எடையைச் சொல்லிச் சிரிப்பது பகிடி இல்லை. உங்கள் மகளின் எடையை மைக்கில் சொல்லுங்கள் பார்ப்போம்.

"ரெண்டு பேருக்கு வெண்கலம் குடுக்கிற போட்டிதானே" என்றும் ஒருவர் கேட்டார். ஆமாம், உலகச் சாம்பியன்ஷிப்பிலும் அரையிறுதியில் தோற்கும் இருவருக்கும் வெண்கலம்தான். ஜூடோவிலும் இரண்டு வெண்கலம், பொக்சிங்கிலும் இரண்டு. 2016 ஒலிம்பிக்கில் கிமியா அலிசாதே டைக்வொண்டோ 57 கிலோவில் எடுத்ததும் இரண்டு பேருக்குக் கொடுக்கும் வெண்கலங்களில் ஒன்றுதான். ஈரான் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் மெடல் அது. வெண்கலத்தின் பெறுமதியை இலங்கையருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2000-இல் எங்கள் ஓட்ட வீராங்கனை சுசந்திகா சிட்னி ஒலிம்பிக்கில் மூன்றாவதாக ஓடி வந்தபோது ஊரே ரீவிக்கு முன்னால் நின்றது. அது வெள்ளியானது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

எடை குறைப்பது உடம்புக்குக் கெடுதி என்று ஒரு டொக்டர் நண்பர் எழுதியிருக்கிறார். அது நியாயமான பேச்சு, நானே அனுபவித்தவள். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். இன்றைக்கு அதைக் கொண்டுவந்து ஐயாவுக்குக் குடை பிடிக்காதீர்கள்.

சரி, என் பெறாமகளின் அந்த 46 எப்படி வந்தது தெரியுமா? விடிய நாலே முக்காலுக்கு உள்துறைமுக வீதியில் ஓடத் தொடங்கினால் டச்பே கடற்கரை வரைக்கும் போய்த் திரும்புவாள். அந்த நேரத்தில் தெருவில் இருப்பவை மான்கள் மட்டும்தான். ஸ்கூட்டியில் பின்னாலே போவது என் அக்கா. சென்சர் வைத்த கவசத்தை அவள் முதன்முதலாகப் போட்டதே போட்டி நடந்த இடத்தில்தான். இங்கே பழகியது கிழிந்த மெத்தையில், அதுவும் பொடியன்கள் பழகி முடித்த பிறகு கிடைத்த நேரத்தில். இந்தப் பொங்கலுக்கு அக்கா பானையை இறக்கியதும் பிள்ளை வந்து மணந்து பார்த்தாள். ஒரு கஜுவை எடுத்து வாயில் போட்டாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். நாங்கள் யாரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மெலிந்தால் "ஆர் கட்டுவினம்" என்பீர்கள். கொஞ்சம் சதை வைத்தால் "என்ன பிள்ளை, ஊதிப்போனாய்" என்பீர்கள். பெண் பிள்ளையின் எடையைப் பற்றிக் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஊரில், ஒரே ஒரு பிள்ளை தன் எடையைத் தானே தீர்மானித்து, உரிய நாளில் உரிய தராசில் ஏறி 45.9 காட்டினாள். அதைத்தான் நீங்கள் அரிசி மூட்டை என்றீர்கள்.

சித்தி என்பதால் நான் உருகுகிறேன் என்று சொல்வீர்கள். உருகுகிறேன்தான். அவளுக்காக நான் பேசாமல் வேறு யார் பேசுவது? அந்த மண்டபத்தில் ஆசிரியர்கள் இருந்தார்கள், விளையாட்டுக்குப் பொறுப்பானவர்கள் இருந்தார்கள். ஒருவராவது எழும்பி "ஐயா, அப்படி இல்லை" என்று சொல்லியிருக்கலாம். நானும் எழும்பவில்லை. அதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

வீடியோவை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து அழித்துவிடுங்கள். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்கிறது. குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொண்டு "நன்றி சேர்" என்கிறாள்.